ராகுவுக்கு ஓவர்டைம்

இன்னும் முடியவில்லை. முடிந்ததும் எழுந்து கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் ஒரே ஒரு வாக்கியம், முதலாளி, நான் வேலையை விட்டு நின்னுக்கிறேன், அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு சொல் கூடாது, வாலும் கூடாது கொம்பும் கூடாது என்று மகள் மணிமொழி பெங்களூரிலிருந்து படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். ஆனால் ராகு காலம் முடிந்தால்தானே. சொர்ணலிங்கம் முதுகு படாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அது மூன்றரையில் நின்றுகொண்டு, தனக்கு ஒன்றும் அவசரமில்லை என்பதுபோல் விநாடி முள்ளை மட்டும் வேலைக்கு அனுப்பியிருந்தது. சிவகாசியில் ஆடி மாதத்து மத்தியான வெயில் தகரக் கூரையின் மேல் கால் நீட்டிப் படுத்திருந்தது. பசை வாடை, மை வாடை, வெட்டின தாள்களின் வாடை, எல்லாம் கலந்து இமைகளில் உட்கார்ந்தன. காலையிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் ஒன்பதிலிருந்து எமகண்டம். அது முடிந்ததும் ஏஜெண்டுகள் வந்துவிட்டார்கள், ஆடிப் பெருக்கு அல்லவா, புது வருசத்துக் காலண்டர் ஆல்பம் வெளியிடுகிற நாள், மாலை, பன்னீர், கேசரி. பன்னிரண்டுக்குக் குளிகை. குளிகையில் செய்தது திரும்பத் திரும்ப நடக்கும் என்பார்கள், அதை அவர் அனுபவித்தே இருக்கிறார், மூன்று வருசத்துக்கு முன்னால் விவரம் கெட்டுப்போய்க் குளிகையில் ராஜினாமா சொல்லித்தானே அதற்கப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருதரம் ராஜினாமா செய்துகொண்டும் மறுநாள் காலையில் வந்துகொண்டும் இருக்கிறார். குளிகை போனால் முதலாளியின் சாப்பாடு, சாப்பாடு போனால் முதலாளியின் தூக்கம், அது தெளிகிற நேரத்துக்குச் சரியாக ராகு வந்து வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டார். இதெல்லாம் யார் பார்க்கச் சொன்னது? யாரும் சொல்லவில்லை. நாட்டில் எத்தனையோ வீட்டுச் சுவரில் தொங்குகிற தினசரித் தாளின் அடியில் மேஷம் நன்மை, ரிஷபம் அலைச்சல், மிதுனம் பகை என்று பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு சொல் போடுகிற மனிதர் சொர்ணலிங்கம்தான், எந்தக் கிரகத்தையும் கேட்டு அவர் போடுவதில்லை, கட்டத்துக்குள் அடங்குகிற சொல்லாகப் பார்த்துப் போடுகிறவர். அப்படிப்பட்டவரே ராகுவுக்குப் பயந்து உட்கார்ந்திருக்கிறார் என்றால், சமையல்காரருக்கும் பசிக்கத்தானே செய்யும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்ன முதலாளி கதிர்வேல்ராஜன் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் மேஜையில் பித்தளைத் தாம்பாளம், அதில் மஞ்சள், குங்குமம், ஒரு பச்சை மைப் பேனா, அடுத்த வருசத்து முதல் தாள். சனவரி ஒன்று. பன்னிரண்டு வெற்றுக் கட்டம். அந்த அச்சகத்தின் வழக்கம் அது, ஆடிப் பெருக்கன்று நல்ல நேரத்தில் முதல் பலனை எழுத வேண்டும், எழுதுகிற கைதான் திசம்பர் முப்பத்தொன்று வரைக்கும் எழுத வேண்டும், நடுவில் கை மாறினால் வருசம் ஊனமாகும் என்று பெரிய முதலாளி காலத்திலிருந்து ஒரு நம்பிக்கை. அதனால் இன்றைக்குப் பேனாவைத் தொட்டால் தொலைந்தது, எழுதி, திருத்தி, அச்சேற்றி, பொங்கல் வந்துவிடும், உடனே சித்திரைக் காலண்டர், அது முடிந்தால் மறுபடி ஆடி, மறுபடி இந்த நாற்காலி. ராகு முடிவதற்கும் பேனாவைத் தொடுவதற்கும் நடுவில் ஒரு விரற்கடை நேரம்தான் இருக்கிறது, அதில் அந்த வாக்கியத்தை நுழைத்துவிட வேண்டும். இவருக்கு முன்னால் பலன் எழுதின முத்தையா அண்ணாச்சி ஒரு ஆவணியில், கும்பம் வரைக்கும் எழுதிவிட்டு மீனத்துக்குச் சொல் தேடும்போது செத்துப்போனார், கை மாறக்கூடாதே என்று அவருடைய மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சொர்ணலிங்கத்துக்கு மாட்டிவிட்டார்கள், பூதக்கண்ணாடி அது, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது, அந்த வருசம் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் இரட்டை லாபம், தேனிப் பக்கம் ஒரு பசுமாடுகூட இரட்டைக் கன்று போட்டது. இது உண்மையா என்று கேட்டால், முத்தையா அண்ணாச்சி செத்தது உண்மை. மீதியைச் சொல்லிச் சொல்லி அதுவும் உண்மையாகிவிட்டது. அதுதான் சிக்கல். சொர்ணலிங்கம் வாயைத் திறந்தால் வாக்கியம் வருவதில்லை, கதை வருகிறது. நேற்று ராத்திரி ஒத்திகை பார்த்தபோதுகூட, நின்னுக்கிறேன் முதலாளி என்று ஆரம்பித்தது, ஏன் என்று யாரும் கேட்காமலேயே, மதுரையில் ஒரு டாக்டர் ஊசி போட்டு ரத்தம் எடுத்தாரு, சிரிஞ்சுல வந்தது பூராவும் பச்சை மை என்று போய்விட்டது. சமையலறையிலிருந்து மனைவி செண்பகவல்லி, "அந்த டாக்டர்கிட்ட நாக்கையும் காமிச்சிருக்கலாம்ல, அளந்து சொல்லியிருப்பாரு" என்றாள்.

முதுகு வலித்தது. சாயலாம்தான், நாற்காலிக்கு முதுகு இருக்கிறது, ஆனால் அந்த முதுகில் ஒரு காலண்டர் தாள் ஒட்டியிருக்கிறது. போன பங்குனியில் ஒருநாள் வந்த தாள் அது, மேஷம் கவலை, ரிஷபம் கவலை, மிதுனம் கவலை, மீனம் வரைக்கும் பன்னிரண்டும் கவலை. அதற்கு முந்தின ஐப்பசியில், காய்ச்சலோடு உட்கார வைத்து, இந்த மாசத்தை முடிச்சிட்டுத்தான் வீட்டுக்குப் போகணும் என்று முதலாளி சொன்ன ஒரு ராத்திரியில் எழுதினது. காய்ச்சலில் கை தானாகப் போயிருக்கிறது. அச்சாகி, தைத்து, தகரப் பட்டை அடித்து, ஊர் ஊராகப் போய், அந்த நாள் விடிந்து, அத்தனை வீட்டிலும் கிழித்துப் பார்த்திருக்கிறார்கள், ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூடப் போன் பண்ணித் தப்பு என்று சொல்லவில்லை. பார்த்திருப்பார்கள், ஆமாம் சரிதானே என்று பல் விளக்கப் போயிருப்பார்கள். கண்டுபிடித்தது முதலாளி. மெஷின்காரர்கள், ஒட்டுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி, பன்னிரண்டையும் சத்தமாக வாசிக்கச் சொன்னார். ஐம்பத்தெட்டு வயசு மனிதர் பள்ளிக்கூடத்துப் பையன்போலக் கையைக் கட்டிக்கொண்டு கவலை, கவலை, கவலை என்று வாசித்தார். ஏழாவதில் யாரோ சிரித்தார்கள், எட்டாவதில் அடக்கினார்கள், ஒன்பதாவதிலிருந்து யாரும் சிரிக்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. அப்புறம் முதலாளியே பசை தடவி நாற்காலி முதுகில் ஒட்டினார். "சாய்ஞ்சு உக்காரும்போதெல்லாம் ஞாபகம் வரும்லய்யா." அன்றிலிருந்து சாயவில்லை. வீட்டு நாற்காலியிலும் சாய வரவில்லை. படுத்தால்கூட முதுகு பாயில் படாமல் நிற்பதுபோல் ஒரு நினைப்பு, செண்பகவல்லி தட்டி, படுங்க, ஏன் கழி மாதிரி கெடக்கீங்க என்கிறாள்.

கடிகாரம் மூன்றே முக்கால். மூன்றே முக்காலா? கண்ணை மூடித் திறப்பதற்குள் கால் மணியா, இல்லை, கால் மணிதானா? இந்தக் கடிகாரத்தை நம்பக் கூடாது. காலையில் அது பத்து நிமிசம் முன்னால் ஓடும், வருகிறவர்கள் எல்லாரும் தாமதம் ஆக வேண்டுமே. மத்தியானம் எல்லோரும் சாப்பிடுகிற நேரத்தில் முதலாளியே ஸ்டூல் போட்டு ஏறி முள்ளைப் பின்னால் தள்ளி வைப்பார், போகிறவர்கள் எல்லாரும் சீக்கிரம் போகக் கூடாதே. எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை, போனை எல்லாம் வாசலில் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவதால் சரிபார்க்கவும் வழியில்லை. அப்படியென்றால் இந்த ராகு காலம் ஊரில் இருக்கிற ராகு காலத்தைவிட நீளம். உலகத்தில் எந்த முதலாளியும் தொழிலாளியிடம்தான் கூடுதல் வேலை வாங்குவான், இந்த மனுசன் ராகுவையே ஓவர்டைம் பார்க்க வைத்துவிட்டான். சொர்ணலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. தகரப் பட்டை அடித்துக்கொண்டிருந்த வெயிலுகந்தாள் சுத்தியலை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"என்ன அண்ணாச்சி, தனியா சிரிக்கீக? புதுக் கதை எதுவும் மாட்டிருச்சா?"

"ராகுவைப் பாத்தேன். வேர்த்து விறுவிறுத்துப் போய் வாசல்ல நிக்கான். வீட்டுக்குப் போகணும், விட மாட்டேங்காரு உங்க முதலாளிங்கான்."

"நீங்க ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவிடுங்க. நீங்கதான் மத்தியானத்துக்கு மேல நின்னுக்கிறேன்னு காலையிலேயே சொன்னீகளே."

"சொல்லணும்."

"சொல்லுவீக. போன தீவாளிக்கும் சொன்னீக, பொங்கலுக்கும் சொன்னீக. அந்தக் காக்கா கதையைச் சொன்னாக்கூட நம்பிருவேன், இதை நம்ப மாட்டேன்."

காக்கா கதை. ஒரு மழைக்காலத்தில் மை தீர்ந்துபோய், லாரி விருதுநகரில் மாட்டிக்கொண்டு, மெஷின் பசியோடு நின்றபோது, சொர்ணலிங்கம் மொட்டை மாடிக்குப் போய் ஒரு காக்கையைப் பிடித்து, அதை ஒன்றும் செய்யாமல், அதன் நிழலை மட்டும் சுருட்டிப் பிழிந்து ஒரு வாளி மை எடுத்த கதை. அந்த வருசம் அமாவாசை எல்லாம் பளிச்சென்று விழுந்தன, கூர்ந்து பார்த்தால் பௌர்ணமித் தாளில்கூட லேசாக ஒரு இறகு தெரியும். அந்தக் காக்கை இன்னும் நிழல் இல்லாமல்தான் பறக்கிறது, வெயிலில் உட்கார்ந்தால் அதற்குக் கூச்சம். இப்போது கண்ணுக்குள் அது வந்து கண்ணாடி அறையின் மேல் உட்கார்ந்தது. அதன் அலகில் ஒரு தாள். கிழித்த தாள். எல்லா வீட்டிலும் எல்லாக் கையும் ஒரே நேரத்தில் தாள் கிழிக்கிற சத்தம் மழைபோலக் கேட்டது, கிழிந்த தாள்களிலிருந்து சொற்கள் உதிர்ந்து தெருவில் நடக்க ஆரம்பித்தன. அலைச்சல் செருப்பில்லாமல் போய்க்கொண்டிருந்தது. செலவு ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கியது. பகை ஒரு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது, அந்த வீட்டில் ஒரு பெண் காபியை நங்கென்று வைத்தாள், அவள் புருசன் என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் முழித்தான். ஒரு தப்பும் இல்லை தம்பி, அன்றைக்குக் கட்டம் சின்னதாகப் போய்விட்டது, இரண்டெழுத்தில் வேறு சொல் அகப்படவில்லை, அதனால் உனக்குப் பகை வைத்தேன். தாமதம் கடைசியில் மெதுவாக வந்தது. பொறுமை மட்டும் எங்கேயும் போகாமல் இவர் காலடியில் வந்து நாய்க்குட்டிபோல் படுத்தது. அது இவருடைய ராசி. கடகம். சொல் தீர்ந்துபோகிற நாளில் எல்லாம் தன்னுடைய ராசிக்குப் பொறுமை என்று போட்டுவிடுவார், மற்றவர் யாரையும் ஏமாற்ற வேண்டாமே என்று. போட்டது இவர்தான், மறந்துவிடுவார், அடுத்த வருசம் அந்த நாள் வரும், இன்றைக்காவது சொல்லிவிடலாம் என்று எழுந்து தாளைக் கிழித்தால் கடகம் பொறுமை. சரி, பொறுப்போம். இப்படியே வருசங்கள். இன்றைக்கும் அதுதான், எதிர்ச் சுவரில் தெரிகிறது, கடகம் பொறுமை. சிம்மம் லாபம், அது முதலாளியின் ராசி, அதற்குக் கெட்ட சொல் வைக்கக் கை வந்ததே இல்லை, லாபம், புகழ், வெற்றி, மறுபடி லாபம், அந்த ராசியில் பிறந்த பாவத்துக்கு ஊரில் எத்தனை சிம்மக்காரர்கள் வராத லாபத்துக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களோ.

ஆனால் முதுகுத் தாள்கூடக் காரணமில்லை. மணிமொழியிடம் அதைத்தான் காரணமாகச் சொன்னார், அவளும் கொதித்துவிட்டு, அப்புறம் ஆபீஸ் குரலில், "அப்பா, கோவத்துல சொல்லாதீங்க. குறை சொல்லாதீங்க. நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, ஒரு மாசம் டைம் குடுங்க, வர்ற ஆளுக்கு வேலையக் கத்துக் குடுங்க. இங்கெல்லாம் அப்படித்தான் செய்வோம், நாளைக்கு எங்க பாத்தாலும் தலை நிமிந்து பேசலாம்" என்றாள். தலை நிமிர்ந்து. இங்கே வேலையை விட்டவர்கள் யாரும் அப்படிப் போனதில்லை, கட்டிங் மெஷின் பால்சாமி பசைச் சட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்துவிட்டுப் போனான், கணக்கர் டீ குடிக்கப் போனவர் இன்னும் டீ குடித்துக்கொண்டிருக்கிறார், அவருடைய செருப்பு வாசலில் கிடந்து செடி முளைத்துவிட்டது. உண்மையான காரணம் போன வாரம் வந்தது. முதலாளி முந்திரிப் பருப்பைக் கொறித்துக்கொண்டே சொன்னார். "யோவ், அடுத்த வருசம் நன்மையெல்லாம் கொறைச்சுக்க. வாரத்துல நாலு நாளு பயம் வையி, நஷ்டம் வையி. பயந்தவன்தான்யா காலையில எந்திரிச்சதும் காலண்டரைப் பாப்பான். நிம்மதியா இருக்கவன் எதுக்குப் பாக்கப் போறான்?" சொர்ணலிங்கம் தலையாட்டினார். தலையாட்டிக்கொண்டே வந்து உட்கார்ந்த பிறகுதான், நிம்மதி என்ற சொல்லை இத்தனை வருசத்தில் ஒருநாள்கூடத் தான் எழுதவில்லை என்பது தெரிந்தது. நான்கே எழுத்து. கட்டத்துக்குள் தாராளமாக அடங்கும். ஏன் எழுதவில்லை? யாரும் தடுக்கவில்லையே. இவர் கதை விடுகிறவர், ஆனால் கதையால் யாரையும் பயமுறுத்தினதில்லை, காக்கையின் நிழலைப் பிழிந்தாலும் காக்கைக்கு வலிக்காமல் பிழிந்தவர். இனிமேல் எங்கோ ஒரு வீட்டில் பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் அம்மா தாளைக் கிழித்துப் பயம் என்று பார்ப்பாள், ஒன்றும் சொல்லாமல் பிள்ளையின் நெற்றியில் விபூதியைக் கூட ஒரு கோடு அழுத்தி வைப்பாள், அந்தப் பிள்ளை அண்ணாந்து அம்மாவின் முகத்தைப் பார்க்கும். அந்த முகத்தை எழுதுவது இந்தக் கை. பச்சைப் பேனா. நாலு நாள், வாரத்துக்கு நாலு நாள். முதல் தாளை முதலாளியே பார்த்துப் பார்த்து எழுத வைப்பார், மேஷம் பயம் என்று. கையை மடியில் வைத்துப் பார்த்தார். வேர்த்திருந்தது. சொல்ல முடியாமல் போய்விட்டால்? வாயைத் திறந்ததும் மதுரை டாக்டர் வந்துவிட்டால்? முதலாளி சிரித்து, சரி சரி எழுது என்று பேனாவைத் திணித்துவிட்டால்? இதுவரைக்கும் அப்படித்தான் ஆகியிருக்கிறது, ஒவ்வொரு தரமும் ஒரு கதை சொல்வார், கதை நன்றாக இருக்கும், முதலாளி வயிறு குலுங்கச் சிரிப்பார், சிரித்தவரிடம் எப்படி வேலையை விடுவது.

அப்போது சங்கு ஊதியது. தீப்பெட்டி ஆலைச் சங்கு, நாலரைச் சங்கு, ஊர் முழுக்க அதை வைத்துத்தான் உலையேற்றும். வெயிலின் மேல் ஒரு நீளமான துணியை உதறி விரித்ததுபோல் வந்து கூரையில் படிந்தது. சுவர்க் கடிகாரம் நாலு இருபது. சொர்ணலிங்கத்துக்கு ஒரு விநாடி எல்லாம் நின்றுவிட்டது மாதிரி இருந்தது. வெளியில் ராகு காலம் முடிந்துவிட்டது, உள்ளே முடியவில்லை. சங்குக்கும் கடிகாரத்துக்கும் நடுவில் இருக்கிற இந்தக் கொஞ்ச நேரம் ராகுவுடையதும் இல்லை, முதலாளியுடையதும் இல்லை, எந்தத் தாளிலும் அச்சாகாத நேரம், இதற்குப் பலன் எழுதின ஆள் கிடையாது. கடகத்துக்கு இதில் பொறுமை இல்லை, ஒன்றுமே இல்லை, வெற்றுக் கட்டம். ராகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, வரட்டா அண்ணாச்சி என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிப் போவது தெரிந்தது. கால் தானாக எழுந்தது. வெயிலுகந்தாளின் சுத்தியல் பாதியில் நின்றது. கண்ணாடிக் கதவு சில்லென்று இருந்தது.

முதலாளி கண்ணைக் கசக்கினார். "என்னய்யா, கூப்பிட்டேனா? ராகு காலம் முடியலையே." விரலைக் கண்ணாடி வழியாகக் கடிகாரத்தின் பக்கம் நீட்டினார்.

"முடிஞ்சிருச்சு முதலாளி. சங்கு ஊதிட்டாங்க."

முதலாளி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் தன் கையில் கட்டியிருந்ததைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சட்டைக் கையை இழுத்து அதை மூடினார். "சரி, எழுது" என்று பேனாவை எடுத்து நீட்டினார். சொர்ணலிங்கம் வாங்கவில்லை.

"நான் நின்னுக்கிறேன் முதலாளி. முதல் தாளை வேற கைய வச்சு எழுதுங்க. இந்த மாசம் முடிய வாரேன், புது ஆளுக்குச் சொல்லிக் குடுக்கேன். இவ்வளவு நாள் வேலை குடுத்ததுக்கு நன்றி."

முதலாளியின் முகம் மலர்ந்தது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "சொல்லு. இந்தத் தடவை என்ன? காக்கா வந்து நிழலைத் திருப்பிக் கேக்குதா? டாக்டர் எதுவும் சொன்னானா?"

சொர்ணலிங்கத்தின் நாக்கு நுனிக்கு டாக்டர் வந்தார், ஊசியோடு வந்தார், பச்சை மை சொட்டியது. அவரை அங்கேயே நிற்க வைத்தார். மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை கிரீச்சிட்டது.

"சொல்லுய்யா."

தாம்பாளத்தில் சனவரி ஒன்றின் ஓரம் காற்றில் எழுந்து எழுந்து படிந்தது. முதலாளியின் சிரிப்பு முதலில் கண்ணிலிருந்து போனது, அப்புறம் வாயிலிருந்து. இந்த மனிதர் வாயைத் திறக்காமல் நின்று அவர் பார்த்ததே இல்லை. சுவரில் இருந்த அன்றைய தாளை ஒருதரம் பார்த்துக்கொண்டார். "எனக்கு இன்னைக்கு லாபம்னுதானேய்யா போட்டிருக்கு" என்றார், குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"நான்தான் முதலாளி போட்டேன்."

"நான் ஏதும்... அந்தத் தாளு ஒட்டினதுக்கா? பயம் வையின்னேனே, அதுக்கா? எதாவது ஒண்ணு சொல்லிட்டுப் போய்யா. பொய்யாச்சும் சொல்லு."

பேனா இன்னும் நீண்டுகொண்டே இருந்தது. சொர்ணலிங்கம் அதை மூடியோடு பிடித்து, மூடியை ஒருதரம் இறுக்கித் திருகி, தாம்பாளத்தில் குங்குமத்துக்குப் பக்கத்தில் படுக்க வைத்தார். வெளியே வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். சாய்ந்தார். பன்னிரண்டு கவலையும் சட்டைக்குப் பின்னால் மொரமொரவென்று நொறுங்கின, வெறும் பசை, காய்ந்துபோன பசை. முதுகு முழுவதும் பட்டது. வெயிலுகந்தாள் புருவத்தை உயர்த்திக் கேட்டாள், இவர் தலையை மட்டும் ஆட்டினார். அவள் சுத்தியலை எடுத்து, அடிக்க மறந்து, கையிலேயே வைத்திருந்தாள்.

வாசலில் வாட்ச்மேன் தகரப் பெட்டியைத் திறந்து போனைக் கொடுக்கும்போதே அது அடித்துக்கொண்டிருந்தது.

"என்னப்பா, சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"ஏன்னு கேட்டிருப்பாரே. என்ன சொன்னீங்க?"

எதிர்க் கடையின் சார்ப்பில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. சாயங்கால வெயில் அதன் மேல் நேராக விழுந்தது. சொர்ணலிங்கம் தரையில் அதன் நிழலைத் தேடினார். இருந்தது, நன்றாக, முழுசாக இருந்தது.

"ஒண்ணுமே சொல்லலம்மா. சும்மா நின்னேன்."

அந்தப் பக்கம் மணிமொழி பெருமூச்சு விட்டாள்.

"அப்பா, என்கிட்டயே கதை விடாதீங்கப்பா."